கடிகாரம் இருந்த படம்

அந்தப் படத்தில் இருந்தவை அப்பாவின் அலாரம் கடிகாரம், வெயிலில் காயவைத்த ரேடியோ பெட்டரிகள், ஏரியலுக்கு வாங்கிய ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் ஜன்னலோரம் மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் அவற்றை வைத்து அண்ணன் எடுத்தது. மழை விட்ட மஸ்கெலியாக் காலையின் வெளிச்சம் கடிகாரத்தின் கண்ணாடியில் தேங்கி நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தார். அடையாள அட்டைப் படங்களும் கல்யாணப் படங்களும்தான் அங்கே தொழில். ரோலின் கடைசியில் மிஞ்சும் பிலிமை அவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவோடு வீட்டுக்கு வந்து, ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு மேகம் விலகக் காத்திருப்பார்.

"மனுசங்க நாங்க இத்தன பேரு இருக்கோம், கத்திரிக்காயப் போயி புடிக்கிறியே" என்று அம்மா சிரிப்பார்.

"கமராவப் பாத்தா நீங்கல்லாம் வேற ஆளாயிர்றீங்கம்மா. இதுங்க அப்படியே இருக்குதுங்க."

நுவரெலியாவில் ஒரு படக் கண்காட்சி நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, நல்லதாகச் சில படங்களைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, அண்ணனின் பையிலிருந்த படங்களைப் பிரித்தார்கள். கடிகாரம், பெட்டரி, கம்பி. யுத்த காலத்தில் குண்டுக்குத் தேவையானவையும் இவைதான். "மே மொனவாத?" இவையெல்லாம் என்ன என்று பொலிஸ்காரர் கேட்டாராம். அழகுக்காக எடுத்தது என்று அண்ணன் சிங்களத்திலேயே சொன்னாராம். அவர்கள் சிரித்தார்களாம். சிரித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.

பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பேசிப் பார்த்த ஸ்டூடியோ முதலாளி, திரும்பும் வழியில் எங்கள் லயத்துக்கு வந்தார். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன் தங்கச்சி. அவங்க கேக்கிறாங்க இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். அம்மா அழுதார். நான் உள்ளே போய்ச் சோறு வடித்தேன். கஞ்சியின் ஆவி முகத்தில் அடித்தது நினைவிருக்கிறது. வேறு எதையும் உணர்ந்ததாக நினைவில்லை.

அடுத்த வருடம்தான் விட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. படங்களும் திரும்பி வரவில்லை. அண்ணன் ஸ்டூடியோவுக்கே மறுபடி போனார். "நேரா பாருங்க, நாடியக் கொஞ்சம் தூக்குங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லி, அடையாள அட்டைப் படங்களை ஒழுங்காக எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கமரா கடையிலேயே கிடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குக் கொழும்பில் கார்மெண்ட் வேலை கிடைத்தது. ரயிலேற்றிவிட அண்ணன் வந்தார். ஹட்டன் நிலைய வாசலில் ஒரு சிப்பாய் என் பையைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தான். சீப்பு, குளிக்கும் சவர்க்காரக் கட்டி, சோற்றுப் பொட்டலம், அம்மா கொடுத்த திருநீற்றுச் சிமிழ். பக்கவாட்டில் வெயில் விழுந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள நிழல் கிடந்தது.

அண்ணன் குனிந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை இலேசாகச் சுருக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தார். கை தானாகவே நீண்டு, சிமிழை விரலளவு நகர்த்தியது.

சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான்.

அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். "எல்லாத்தையும் உள்ள போடு பாப்பா, ரயில் வந்துரும்" என்றார். நான் போடுவதற்குள் அவரே அள்ளித் திணித்து, பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்.