அட்டர்னி ஜெனரல் தேர்தலும் என் சாட்சியமும்

அந்த வருடம் அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் அட்டர்னி ஜெனரல் பதவிக்குத் தேர்தல் நடந்தது. மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, அந்தத் தேர்தல் விளம்பரங்களுக்கு நான் சப்டைட்டில் அடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசுவதைக் கேட்டு, அதே ஆங்கிலத்தில், திரையின் அடியில் ஓடும் வரிகளாக ஆக்க வேண்டும். காலை ஏழு மணி ஷிப்ட். கணவர் இறந்த ஐந்தாவது மாதம் அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். தேர்தல் வந்தபோது அவர் போய் இரண்டு வருடம் முடிந்திருந்தது.

அட்டர்னி ஜெனரல் என்றால் அந்த மாநிலத்துக்குத் தலைமை வக்கீல். அங்கே பல மாநிலங்களில் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"வக்கீலுக்கு எதுக்குக்கா ஓட்டு?"

"தெரியலடி. போடுறாங்க."

"இங்கயும் அப்படி வச்சா உங்க வீட்டுக்காரர் கேஸு இம்புட்டு நாள் இழுக்காதுல்ல."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு விளம்பரம் வந்தது. ஓர் அம்மா தன் சமையலறையில் உட்கார்ந்து, போலி மாத்திரை சாப்பிட்டு இறந்துபோன மகளைப் பற்றிப் பேசுகிறாள். என் மகளுக்காக யாரும் நிற்கவில்லை, இந்த வேட்பாளர் நிற்பார் என்கிறாள். அறுபது விநாடி விளம்பரத்தில் நான்கு விநாடி அழுகிறாள். அழுகைக்குச் சதுர அடைப்புக்குள் 'அழுகிறார்' என்று போட வேண்டும் என்பது விதி. முப்பது விநாடியாகச் சுருக்கியதில் அழுகை இரண்டு விநாடி. பதினைந்து விநாடியில் அழுகையே இல்லை. எல்லாமே என்னிடம்தான் வந்தன. எதிர் வேட்பாளரின் விளம்பரமும் எங்களுக்கே வந்தது. அவருக்காக ஓர் அப்பா அழுதார்.

"அக்கா, நீங்கதான் இதைச் சட்டுனு முடிக்கிறீங்க. மத்தவங்க இதுல உக்காந்துர்றாங்க" என்றான் டீம் லீடர்.

உண்மைதான். அந்த அம்மாவின் குரலை எத்தனை முறை ஓட்டிக் கேட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் இரையும் சத்தம்தான் தெளிவாகக் கேட்டது.

அங்கே ஓட்டுப் பதிவு நடந்த வாரத்தில் கணவர் இறந்த வழக்கில் சாட்சி சொல்ல வரும்படி எனக்குச் சம்மன் வந்திருந்தது. திருவாதவூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்த விபத்து அது. பைக்கில் அவருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே கல் ஏற்றி வந்த லாரி, ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்து எங்கள் மேல் மோதியது என்று வழக்கு. எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவர் அங்கேயே இறந்துவிட்டார்.

கோர்ட்டுக்குக் கொழுந்தன் கூட வந்தார். அரசு வக்கீல் ஒரு மாதத்துக்கு முன்புதான் மாறி வந்தவர். வராந்தாவில் நின்றபடியே காகிதத்தைப் புரட்டினார்.

"லாரி ராங் சைடுல வேகமா வந்தது, பார்த்தேன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. அதையே சொல்லுங்கம்மா. போதும்."

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு லாரிக்காரரின் வக்கீல் எழுந்தார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பைக்ல எப்படிம்மா உக்காந்திருந்தீங்க?"

"ஒரு பக்கமா. சேலை கட்டியிருந்தேன்."

"எந்தப் பக்கம் பார்த்து?"

"இடது பக்கம்."

"அந்தப் பக்கம் என்ன தெரிஞ்சுச்சு?"

"வயலு. நடவு முடிஞ்சிருந்துச்சு."

"லாரி எந்தப் பக்கமா வந்துச்சுன்னு உங்க கண்ணால பார்த்தீங்களா?"

கொழுந்தன் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் மயக்கம் தெளிந்த அன்று, யாரோ எழுதிவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நினைவிருந்தது. லாரியைப் பார்த்த நினைவு இல்லை.

"பார்க்கல" என்றேன்.

நீதிபதி அதைச் சொல்ல, தட்டச்சர் அடித்தார். நான் இறங்கி வந்தேன்.

வெளியே வந்ததும் அரசு வக்கீல் அடுத்த கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொழுந்தன் டீ வாங்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

"பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மதினி."

"பார்க்கல தம்பி."

"உங்களுக்கு அழுகையும் வரல, ஒண்ணும் வரல. எங்க அண்ணன் உங்களுக்கு யாரோ மாதிரி நின்னீங்க."

டீயைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனபோது தேர்தல் முடிவு வந்திருந்தது. அந்த அம்மா ஆதரித்த வேட்பாளர் தோற்றுவிட்டார். அவருடைய தோல்விப் பேச்சு என் கணக்கில்தான் விழுந்தது. பதினோரு நிமிடம். ஆதரித்த குடும்பங்களுக்கு நன்றி சொன்னபோது கூட்டம் கைதட்டியது. 'கைதட்டல்' என்று போட்டேன். பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்து, "பாவம்க்கா அந்த அம்மா" என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரியில் தீர்ப்பு. நேரில் பார்த்த சாட்சி இல்லையென்று லாரிக்காரர் விடுதலையானார். நான் போகவில்லை. கொழுந்தன் போனில் ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகு அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேலையில் அடுத்து ஒரு சமையல் தொடர் வந்தது. வெங்காயம் வதங்கும் சத்தத்துக்கு என்ன வார்த்தை போடுவது என்று இரண்டு நாள் எல்லோரும் பேசினோம்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனே வந்தார். மேலூர் சந்தையில் வாங்கிய ஒரு பை கத்தரிக்காயை அடுப்படியில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"லாரியை நான் பார்த்திருந்தா உங்க அண்ணனைக் கத்திக் கூப்பிட்டிருப்பேன் தம்பி" என்றேன். இத்தனை மாதத்தில் அந்த விபத்தைப் பற்றி நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் மதினி" என்றார்.

சோறு போட்டேன். இரண்டாவது தடவையும் ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.