காக்காய்க்கு வைத்த தாய்லாந்துச் சோறு

அமாவாசையன்று அப்பாவுக்குச் சோறு வைக்காமல் அம்மா வீட்டைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் பரளச்சியில் கேட்டவர்களிடமெல்லாம் மதுரையில் கோயிலுக்குப் போவதாகச் சொன்னாள். போனதென்னவோ ஷாப்பிங் மாலுக்கு.

அம்மாவை மறுகல்யாணத்துக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். ஊரில் வைத்துப் பேசினால் பேசி முடிப்பதற்குள் ஊரே பேசி முடித்துவிடும். அதனால் அந்த மாலில் ஏசி வேலை பார்த்த மாமா, மூன்றாவது மாடியிலிருந்த தாய்லாந்து ஓட்டலைச் சொன்னார். "அங்க ஈ, காக்கா எட்டிப் பாக்காதுக்கா." அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: "பிள்ளைக்கு ஒப்பலைன்னா எந்திரிச்சு வந்துருவேன்." வந்தவர் பந்தல்குடியில் டயர் கடை வைத்திருந்தார், மனைவியைப் பறிகொடுத்தவர். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவர் எனக்கு மாமாவுக்குத் தெரிஞ்சவுக, அவ்வளவுதான்.

எங்களை உட்காரவைத்துவிட்டு மாமா வேலைக்குப் போய்விட்டார். மெனு அட்டையில் எழுதியிருந்தது எங்கள் மூவருக்குமே விளங்கவில்லை. "கவிச்சி இல்லாம எது இருக்கோ அதக் கொண்டாங்க தம்பி" என்றார் அவர். பச்சை நிறத்தில் ஒரு குழம்பு வந்தது. தேங்காய்ப்பால், எலுமிச்சை இலை வாசனை. எனக்குச் சோப்பு ஞாபகம்தான் வந்தது. அம்மா கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவரும் தண்ணீரை மட்டும் குடித்தார். எனக்கோ ஒரே கவலை, அங்கே அப்பா பட்டினி.

கையை விட்டுப் பிசைந்து ஓர் உருண்டை பிடித்து, கைதுடைக்கும் தாளில் வைத்தேன்.

"யாருக்குத் தாயி அது?"

"எங்கப்பாவுக்கு. இன்னைக்கு வைக்கல. இங்க காக்கா எங்க வரும்?"

அம்மா மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருப்பாள், பாவம்.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் அவர். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் தட்டிலிருந்தும் ஓர் உருண்டை பிடித்தார். "அப்பாவுக்குப் பக்கத்துல இதையும் வச்சுக்க."

"இது யாருக்கு?"

"அதுவும் காக்காய்க்குத்தான்" என்றபடி இரண்டையும் தாளோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மொட்டைமாடிக்குப் போனோம், அங்கே கார் நிறுத்துமிடம். சுவரில் இரண்டு உருண்டைகளையும் வைத்துவிட்டு நான் "கா, கா" என்று கத்தினேன். ஒன்றும் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. அப்போது அம்மா பக்கத்தில் வந்து நின்று, தானும் கூப்பிட்டாள். அவரும் கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒரு காக்காய் வந்து பச்சைச் சோற்றைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கொத்தியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே இறங்கி வந்ததும் ஆறிப்போன சோற்றை அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

பின்னால் வந்த அமாவாசைகளில் ஒன்று பந்தல்குடியில், அவர் வீட்டுக்கே நாங்கள் குடிபோன பிறகு வந்தது. அங்கே மாடிச் சுவரில் அம்மா இரண்டு இலை போட்டாள். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று யாருக்கென்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. அந்த ஊரில் காக்காய் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.