சாட்சி எண் ஏழு

வீட்டில் அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர். இன்னும் பட்டம்கூட வாங்கவில்லை, வரலாறு மூன்றாம் ஆண்டுதான். மனித உரிமைச் சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து, பால் திரிந்துபோனாலும் வழக்கு அவளிடம்தான் வரும்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது பழைய மில் ஸ்டிரைக். அன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அடித்த அதிகாரியைக் கண்ணால் பார்த்தவள், அப்போது மில்லில் வேலை பார்த்து அவர்களோடு பிடிபட்ட இவளுடைய பெரியம்மா. இத்தனை காலம் வாயைத் திறக்காத மனுஷி, கேட்டது இவள் என்பதற்காகத் திறந்தாள்.

“நான்தான்னு வெளிய தெரியக் கூடாதுடி.”

“உங்க பேரே வராது பெரியம்மா. சத்தியமா.”

பெயர் வரவில்லைதான். ‘சாட்சி எண் ஏழு’ என்றே எழுதினாள். ஆனால் இந்த வரலாற்றுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, விவரம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. சொன்னவர் யார், எங்கே நின்றார் என்று இல்லாத சாட்சியத்தை எவன் மதிப்பான்? பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தாள்: மில்லின் ஒரே பெண் எலக்ட்ரீஷியன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது, கல்லூரி அதை இணையத்தில் போட்டது.

போன வாரம் பெரியம்மாவின் ரிப்பேர் கடைக்கு ஒரு கிழவர் மிக்ஸியோடு வந்தார். மிக்ஸியில் ஒரு கோளாறும் இல்லை.

“எல்லாத்தையும் நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க,” என்றார் மரியாதையாக. “உங்க மகன் வேலை முடிஞ்சு தனியாத்தான் வரானா?”

அந்தக் குரலைப் பெரியம்மா மறப்பாளா? அன்று ஸ்டேஷனில் அடித்த அவனேதான்.

சேதி கேட்டு இவள் ஓடினாள். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

“கட்டுரையை எடுக்கச் சொல்லிட்டேன் பெரியம்மா. எடுத்துட்டாங்க.”

“படிச்சவன் படிச்சுட்டானே.”

இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாம் தன்னால் வந்த வினை. “சும்மா விட மாட்டேன். மிரட்டினதுக்குத் தனி கேஸ் இருக்கு. அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.” பேசிக்கொண்டிருக்கும்போதே கை பழக்கத்தில் போனை எடுத்து, ரெக்கார்டரைத் தட்டி, மேசைமேல் வைத்தது.

பெரியம்மா அதைப் பார்த்தாள்.

“அன்னிக்கும் இப்படித்தான்டி கொண்டுவந்து வச்ச.”

போனை அணைத்து இவள் கையிலேயே கொடுத்தாள். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“வீட்டுக்குப் போ, வக்கீலம்மா. பின்பக்கமாப் போ. நீ யாருன்னாவது அவனுக்குத் தெரியாம இருக்கட்டும்.”

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இவள் பெயர் முழுதாக இருந்தது.