'கூடாது' காணாமல் போன வாரம்

மூன்று வருடங்களுக்கு முன், குன்னூரில் நாங்கள் இருந்த கடைசி மழைக்காலத்தில் நடந்தது இது.

கணவருக்கு அங்கே தேயிலை ஏலம் நடத்தும் அலுவலகம் ஒன்றில் வேலை. பெங்களூரில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டு அவரோடு மலையேறியிருந்தேன். வாடகை வீடு. மழை பிடித்துக்கொண்டால் இணையம் போய்விடும். மாடிப்படியில் ஓர் இடத்தில் மட்டும் போனில் சிக்னல் வரும். அங்கே ஒரு சாக்கை விரித்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எதிரே மேகம் ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். இன்று கண்ணாடி அறையில் வேலை பார்க்கிறேன். அந்த ஈரச் சாக்கின் வாசனை இப்போதும் சில நாட்களில் நினைவுக்கு வருகிறது.

சர்ச்சில் பழக்கமான அக்கா ஒருவர் பக்கத்து ஊரான கேத்தியில் காய்கறி விவசாயிகள் குழு ஒன்றில் இருந்தார். பயிருக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி, எப்போது அடிப்பது என்று விடிந்ததிலிருந்து அவர் போன் ஓயாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "இந்தக் கேள்விக்கெல்லாம் போனே பதில் சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியாதா கண்ணு?" என்று கேட்டார். சும்மா இருந்த கைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சரி என்றேன்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இப்படிப்பட்ட செயலிகளைச் செய்வதற்கென்று ஒரு திறந்த மூல மென்பொருள் அப்போது பரவிக்கொண்டிருந்தது. திறந்த மூலம் என்றால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். குறை கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். நான் அதை எடுத்து, அக்கா டைப் செய்து கொடுத்த துண்டுப் பிரசுரங்களை எல்லாம் உள்ளே ஏற்றி, மூன்று வாரத்தில் செயலியை முடித்துவிட்டேன். விவசாயிகள் தமிழில் கேட்டார்கள். அது தமிழில் பதில் சொன்னது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு பெண்மணி என்னைப் போனில் அழைத்தார். கேத்தியில் கேரட் போட்டிருப்பவர். அக்காவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

"ஏனுங்க, உங்க போன் மருந்தடிக்கச் சொல்லுதுங்க. அடுத்த வாரம் கேரட் புடுங்கப் போறோம். எனக்கு என்னமோ மனசு ஒப்பலீங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன்."

அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பிரசுரத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'பிடுங்குவதற்குப் பதினைந்து நாட்களுக்குள் இந்த மருந்தைத் தெளிக்கக் கூடாது' என்று தெளிவாகவே இருந்தது. செயலியோ, பதினைந்து நாட்களுக்குள் தெளிக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. நீளமான பிரசுரத்தை அந்த மென்பொருள் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கேள்விக்குப் பொருந்தும் துண்டை மட்டும்தான் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கும். இத்தனை எழுத்துக்கு ஒரு துண்டு என்று கணக்கு. நம் மொழியில் வேண்டாம் என்பதும் கூடாது என்பதும் வாக்கியத்தின் கடைசியில்தானே வரும்? கத்தி சரியாக 'தெளிக்கக்' என்ற இடத்தில் விழுந்திருந்தது. 'கூடாது' அடுத்த துண்டுக்குப் போய்விட்டது.

செயலியை உடனே நிறுத்தினேன். அக்காவும் நானும் அதைப் பயன்படுத்திய அத்தனை பேரையும் அழைத்தோம். ஒருவர் முந்தின நாளே மருந்தடித்துவிட்டிருந்தார். மறுநாள் காலை பஸ் பிடித்துக் கேத்திக்குப் போனேன். என்னை அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிடுங்குவதை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். அந்த இரண்டு வாரமும் விடாமல் மழை. பிடுங்கிய நாளில் நானும் சேற்றில் இறங்கி நின்றேன். பாதிக்குப் பாதி கேரட் வெடித்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தை எல்லாம், அந்த மென்பொருளின் குறைகளை எழுதும் பொதுப் பக்கத்தில் கொட்டினேன். ஆங்கிலம் தவிர வேறு மொழி உலகத்தில் இருப்பதே உங்களுக்குத் தெரியாதா என்கிற தொனியில் நீளமாக எழுதினேன். மறுநாள் பதில் வந்திருந்தது. மென்பொருளில் துண்டு வெட்டும் பகுதியைப் பராமரிப்பவர் எழுதியிருந்தார். ஆணா பெண்ணா, எந்த நாடு என்று எதுவும் தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆமை. முதலில் அந்த விவசாயி நலமா, கேரட் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். பிறகு, எனக்கு உங்கள் மொழி தெரியாது, 'கூடாது' எப்போதும் கடைசியில்தான் வருமா, ஓர் உதாரணத்தோடு சொல்லித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். இதைத் திருத்த உங்களைவிடப் பொருத்தமான ஆள் எங்களிடம் இல்லை என்றும் எழுதியிருந்தார்.

படியில் உட்கார்ந்து அதை நான்கு முறை படித்தேன். என் நீளமான பதிவை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

வாக்கியம் முடியும் இடத்தில், அதாவது புள்ளி வரும் இடத்தில் மட்டும் வெட்டும்படி திருத்தி அனுப்பினேன். அவர் இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார், நான் மாற்றினேன். பத்து நாளில் என் திருத்தம் மென்பொருளோடு சேர்ந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் கேசரி கிண்டினேன். ஏன் என்று கணவருக்கு விளக்கப் போனேன், அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் அதே பக்கத்தில் ஒரு புதிய பதிவு. எங்கோ இருக்கும் ஒரு நர்ஸ், நோயாளிகளுக்கான குறிப்புகளை ஏற்றி, இதே போல் ஒரு செயலி செய்திருந்தார். அவருடைய குறிப்பில் 2.5 மில்லி என்று இருந்தது, நடுவிலுள்ள புள்ளியில் வெட்டுப்பட்டு இரண்டு தனியாகவும் ஐந்து தனியாகவும் நின்றது. சோதித்துப் பார்க்கும்போதே கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் ஏதாவது தவறாகச் செய்கிறேனோ என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தார்.

புள்ளி என்றால் வாக்கியம் முடிந்தது என்று எழுதியவள் நான். அக்காவின் பிரசுரங்களிலேயே எத்தனை இடத்தில் 2.5, 1.5 என்று இருந்தது! ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. நான் கத்தியது போல அந்த நர்ஸ் கத்தவும் இல்லை.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். யாருக்கும் என் முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, தவறு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று எழுதினேன். அனுப்பிய சில நிமிடங்களுக்குள் அதன் கீழே ஆமைப் படத்துக்காரரின் வரி வந்து விழுந்தது: "அந்தத் திருத்தத்தைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டவன் நான். பாதித் தவறு என்னைச் சேர வேண்டும். வாருங்கள், மூன்று பேரும் சேர்ந்து சரி செய்வோம்."

'ஒப்புக்கொண்டவன்' என்று அவரை ஆணாக இங்கே எழுதுவது நான்தான். அவருடைய ஆங்கில வரியில் அது தெரியவில்லை. எனக்கு அப்படிக் கேட்டது, அவ்வளவுதான்.

எண்ணுக்கு நடுவே வரும் புள்ளியில் வெட்டாதபடி மாற்ற, மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாரம் வேலை செய்தோம். சோதித்துப் பார்க்க நர்ஸ் தன் குறிப்புகளிலிருந்து வரிகளைக் கொடுத்தார். நான் கேத்தியின் பிரசுரங்களிலிருந்து கொடுத்தேன். இணையம் போய்விட்டால், மழை என்று ஒரு வார்த்தை போனில் அனுப்புவேன். பரவாயில்லை, காத்திருக்கிறோம் என்று பதில் வரும். எனக்கு இத்தனை வருடத்தில் எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு வாரம் கிடைத்ததில்லை.

அக்காவின் செயலியை மறுபடி ஓட விட்டபோது, முதலில் கேள்வி கேட்கச் சொல்லி நான் அழைத்தது அந்தக் கேரட் பெண்மணியைத்தான். சரியான பதில் வந்தது. "இப்ப சரியா சொல்லுதுங்க. ஆனாலும் நான் அக்காகிட்ட ஒருவாட்டி கேட்டுக்குவேனுங்க" என்றார். அப்படியே செய்யுங்கள் என்றேன்.

அதற்கடுத்த வருடம் கணவருக்கு மாற்றலாகி இறங்கி வந்துவிட்டோம். போன மாதம் ஏதோ நினைப்பில் அந்த மென்பொருளைத் திறந்து பார்த்தேன். யார் யாரோ புதியவர்கள் வந்து, நாங்கள் திருத்திய பகுதியை முழுவதுமாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். நான் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. முன்பு குடியிருந்த வீட்டுக்கு வேறு வண்ணம் அடித்திருப்பதைத் தெருவில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. ஆமைப் படத்துக்காரரும் அங்கே இல்லை.

இப்போது என் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் யாராவது முகம் வெளுத்து, தப்பு பண்ணிட்டேன் என்று வந்து நிற்கும்போது, முதலில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவும், பிறகு தவறில் பாதியை என் பங்காக எடுத்துக்கொள்ளவும் முயல்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை, முடிகிற நாளில் மனசு அந்த மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.