பெல்லாரியில் நின்ற விமானம்

நாடு பிரியாத காலத்தில் அத்தா கராச்சியில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தார். மேல்விஷாரத்திலிருந்து அங்கே போய்ச் சேர ரயிலில் நாலு நாள் பிடிக்கும். அதனால் வருஷக்கணக்கில் வரமாட்டார். ஒருமுறை வந்துபோன பிறகு அம்மா என் தங்கையைப் பெற்றாள். பெற்ற மறுவாரமே அம்மாவுக்குக் கடுமையான ஜுரம் கண்டது. டாக்டர் கையை விரித்ததும் மாமா கராச்சிக்குத் தந்தி அடித்தார்.

அத்தா விமானத்தில் கிளம்பிவிட்டதாகப் பதில் தந்தி வந்தது. தபால் மூட்டை கொண்டுவரும் சின்ன விமானம் அது. மண்டி முதலாளி யாரையோ பிடித்து மூட்டைகளுக்கு நடுவே அவருக்கு இடம் வாங்கியிருந்தார். இன்று காலை புறப்பட்டால் நாளை சாயங்காலம் மெட்ராஸ் என்றார் மாமா. கூடவே வேலை பார்த்த சாச்சா, அத்தாவின் தம்பி, அன்றே ரயில் ஏறியிருந்தார்.

அம்மாவுக்குத் தைரியம் வரட்டும் என்று மாமா இதைச் சொன்னார். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அதுல ஏன் ஏத்துனீங்க? விழுந்துட்டா புள்ளைங்களுக்கு யாரு?"

மறுநாள் ராத்திரி மாமா மெட்ராஸ் ரயிலைப் பார்க்க வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குப் போய்த் தனியாகத் திரும்பினார். பிறகு பெல்லாரியிலிருந்து ஒரு தந்தி வந்தது. மழை, விமானம் கிளம்பவில்லை, விடிந்ததும் வருகிறேன் என்று அத்தா அடித்திருந்தார். மாமா அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அவள் நம்பவில்லை. அடுத்த நாளும் அவர் வராமல்போனதும் அவளுக்கு உறுதியாகிவிட்டது.

"எனக்குத் தெரியும். அவர் போய்ட்டார். நீங்க மறைக்கிறீங்க."

யார் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதே எண்ணத்தோடு மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனாள்.

சாயங்காலம் அசர் தொழுகை வரை அத்தாவுக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு மேல் மய்யித்தை வீட்டில் வைக்கக்கூடாது என்றார்கள். தூக்கும் நேரத்தில் சாச்சா ரயில் புழுதியோடு வந்து தோள் கொடுத்தார். அவர் ரயில் குண்டக்கல்லைத் தாண்டியபோது, பக்கத்திலேயே பெல்லாரியில் அத்தா வானம் வெளுக்குமென்று உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைசியில் பொறுக்கமுடியாமல் அவரும் ரயிலேறி மறுநாள் மத்தியானம் வந்தார்.

நேராக அம்மாவை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் விமானத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட யாருமில்லை. ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "மேலேருந்து பார்த்தா இன்னா தெரியும்?"

மாமா எழுந்துவிட்டார். அத்தா கோபப்படவில்லை. சத்தம் ஜாஸ்தி, ரொம்பக் குளிர், ஊரெல்லாம் சின்னதாகத் தெரியும் என்று மரியாதையாகச் சொன்னார்.

எல்லோரும் போனபின் மாமியிடம் கேட்டார்: "என்னைப் பத்தி எதுனா கேட்டாளா?"

"கேட்டுக்கினே இருந்தா," என்றார் மாமி. அதற்கு மேல் சொல்ல வேண்டாமென்று மாமா எங்கள் எல்லோரிடமும் முன்பே சொல்லியிருந்தார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் அத்தா கராச்சிக்கு ரயிலேறினார். தங்கையை மாமி வளர்த்தார். அத்தா அடுத்த முறை வந்தபோது அவள் நன்றாகப் பேசப் பழகியிருந்தாள். மாமியின் பிள்ளைகளைப் பார்த்து அவளும் அவரைக் "கராச்சி மாமா" என்று கூப்பிட்டாள். அவர் திருத்தவில்லை. வாங்கி வந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்துக் கொட்டையை நீக்கி அவள் கையில் வைத்தார்.