வெள்ளைக் கோட்டுக்கு அந்தப்பக்கம்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. அப்பா வேன் கட்சி. அம்மா சைக்கிள் கட்சி.

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனை அப்பா ஓட்டினார். அம்மா வேறொரு கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைத்தாள். ஆற்றங்கரை ரோடு வரை இரண்டு பேருக்கும் ஒரே வழிதான்; அதைத் தாண்டி அம்மாவின் கம்பெனிப் பக்கம் அப்பாவின் வேன் போகாது. அதனால் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை அம்மா எடுத்துக்கொண்டாள். காலையில் என்னைக் கேரியரில் உட்காரவைத்து, வழியில் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவாள்.

சாப்பிடும்போது தினமும் சண்டை நடக்கும்.

"இந்த சைக்கிள்காரங்களால ஒரே பேஜாரு. ரோட்டு ஓரமா வெள்ளைக் கோடு போட்டு வெச்சிருக்கான் இல்ல? அதுக்கு அந்தப்பக்கம் போனா இன்னாவாம்?" என்பார் அப்பா.

"அந்தப்பக்கம் ஒரு சாண் பள்ளம் இருக்குது. நீங்க இறங்கி ஓட்டிப் பாருங்க, தெரியும்."

"எட்டரைக்கு கேட்டைச் சாத்திட்டான்னா என் வண்டியில வர்ற அத்தனை பொம்பளைங்களுக்கும் அரைநாள் போய்டும். அதுக்கு இன்னா பண்றது?"

அதற்கு அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள். அவள் கம்பெனிக்கும் ஒரு கேட் இருந்தது. நான் மனதுக்குள் அப்பா கட்சிதான். வேனில் ஹாரன் இருந்தது.

அந்த மார்கழியில் பாலாற்றங்கரை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. ஒரு நாள் காலை ஆறும் தெரியவில்லை, தென்னந்தோப்பும் தெரியவில்லை. தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை மட்டும் பனிக்குள் ஈரமாக நின்றது. அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போனேன். பெடல் சத்தம் கேட்டது, ஆனால் சைக்கிள் நகர்வதாகவே தெரியவில்லை. உலகம்தான் வெள்ளைத் துணிபோல எங்களைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வந்தது.

பின்னால் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அம்மா ஓரம் ஒதுங்கினாள். முன்சக்கரம் தார் விளிம்பிலிருந்து நழுவியது. ஒரு பெரிய காற்று எங்களை உரசிக்கொண்டு போனது. நான் மெதுவாக, மிக மெதுவாக, புல்லின்மேல் விழுந்தேன். எனக்கு வலிக்கக்கூட இல்லை. எழுந்து பார்த்தபோது பனிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஒரு நொடி நின்றன. பிறகு மங்கிக் கரைந்துபோயின.

"அம்மா, அப்பா வண்டி!" என்றேன். அந்த ஹாரனை எனக்குத் தெரியாதா?

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கிடையே ரத்தம் வந்தது. சோற்று டப்பா திறந்து புல்லெல்லாம் எலுமிச்சைச் சோறு.

"இல்ல. அது வேற வண்டி."

"இல்லம்மா, அப்பாதான்..."

"வேற வண்டின்னு சொல்றேன் இல்ல? வூட்ல வாயத் திறக்கக் கூடாது."

அம்மாவுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மாவின் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்.

"முட்டிக்கு இன்னாச்சு?"

"கம்பெனியில மேஜை இடிச்சிடுச்சு."

அப்பா வாசலுக்குப் போனார். சைக்கிளின் மட்கார்டு வளைந்திருந்தது. அதில் புல்லும் சேறும் ஒட்டியிருந்தன. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேற்றை விரலால் வழித்தெடுத்து, மட்கார்டை நிமிர்த்தத் தொடங்கினார். அன்று சாப்பிடும்போது இரண்டு கட்சியும் பேசவில்லை. சண்டை இல்லாத வீடு எனக்கு அவ்வளவு புதிதாக இருந்தது.

பள்ளி விடுமுறையான ஒரு சனிக்கிழமை அப்பா என்னை வேனில் கூட்டிப்போனார். முன்சீட்டில் ராணிபோல உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் ஏறியதும் எங்களுக்கு முன்னால் ஒரு பால்காரர், இரண்டு பக்கமும் கேன் கட்டிய சைக்கிளை எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார். இப்போது அப்பா ஹாரன் அடிப்பார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. பாலம் முடியும்வரை அந்தச் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போனார். கீழே ஆற்றுமணலில் வெயில் மெல்லப் பரவியது.

"அண்ணா, டைம் ஆவுது! கேட்ட சாத்திடுவான்!" என்று பின்னாலிருந்து பெண்கள் கத்தினார்கள்.

அப்பா இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. யாராவது என் சிநேகிதிகள் பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னும்போது ரகசியமாகச் சொன்னேன்: "அம்மா, அப்பாவுக்கு வண்டி ஓட்ட மறந்துபோச்சு."

பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"மறந்தா மறக்கட்டும்," என்றாள்.

அவள் குரல் ஏன் அப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்கப் போனேன். அம்மா என் தலையைப் பிடித்து நேராக வைத்துவிட்டாள். அப்பாவுக்கு எப்படியாவது ஞாபகம் வந்துவிட வேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன்.