மூன்று முறை தோற்றவரைப் பற்றி ஒரு மேடைப் பேச்சு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் இருந்த வீட்டுக்குள் அமெரிக்கக் கால்பந்தைக் கொண்டுவந்தவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கிரிக்கெட் பார்ப்பதற்காக அப்பா காசு கட்டிப் போட்ட சனலில் அதுவும் வந்து தொலைத்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை நடப்பது எங்களுக்குத் திங்கட்கிழமை பகலில் வரும். பெரிய ஆட்டங்கள் எல்லாம் எங்கள் கோடை விடுமுறையில் விழும் என்பதால் நானும் மாமாவும் கம்பளத்தில் குந்தியிருந்து பார்ப்போம். பள்ளிக்கூடமும் ஊரும் முழுக்க ரக்பி பைத்தியமாக இருந்த காலம் அது. எங்கள் இருவருக்கும் மட்டும் வேறு பைத்தியம்.

மாமா குவார்ட்டர்பேக்குகளின் பக்தர். பதினொரு பேரில் பந்தை யாருக்கு எறிவது என்று கண் இமைப்பதற்குள் தீர்மானிக்கிறவர்தான் குவார்ட்டர்பேக் என்று எனக்குப் படிப்பித்தார். இறுதியாட்டம் என்று வந்துவிட்டால் தோற்கவே தெரியாத ஒருவர் இருந்தாராம். சாதனைகளை எல்லாம் தன் பெயரில் எழுதிவைத்தும் ஒருமுறைகூடக் கிண்ணத்தைத் தொடாத ஒருவர். நான்கு வருடம் அடுத்தடுத்து இறுதியாட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்ற இன்னொருவர். மாமாவுக்கு வென்றவர்களைவிடத் தோற்றவர்களில்தான் பிரியம் அதிகம். "தோக்கிறதுக்கும் அவ்வளவு தூரம் போகவேணும், பிள்ளை," என்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "தலையில சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு முட்டுப்படுறது ஒரு விளையாட்டோ!" என்று ஒரு குரல் கொடுப்பார்.

ஒரு ஜனவரி மாதத் திங்கட்கிழமை. ஊருக்கே விடுமுறை. மூன்று முறை இறுதியாட்டம் வரை வந்து மூன்றிலும் தோற்ற ஒரு வயதான குவார்ட்டர்பேக் நான்காவது தடவையாக ஆடினார். எறிய ஆள் கிடைக்காமல் ஒரு கட்டத்தில் பந்தைத் தானே தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணிக்காரரின் தலைக்குமேல் பாய்ந்து, இடிபட்டு, காற்றில் பம்பரமாய்ச் சுழன்று விழுந்தார். உடனே எழும்பினார். அன்றைக்கு அவர் பக்கம் வென்றது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றியதில் அம்மாவின் பூச்சாடி ஒன்று போயிற்று.

மாமா யாழ்ப்பாணத்தில் டொக்டராக இருந்தவர். இங்கே அந்தப் பட்டம் செல்லாது. முதலிலிருந்து ஒரு சோதனை எழுதித் தேறவேண்டும். அதைப் படித்துக்கொண்டே பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றில் காசாளராக நின்றார். சோதனை எழுதுவதுதான் மாமாவின் உத்தியோகம், பெற்றோல் ஸ்டேஷன் பொழுதுபோக்கு என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். எத்தனை தரம் எழுதினார், என்ன மறுமொழி வந்தது என்பதெல்லாம் சின்னவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. பெரியவர்களும் தங்களுக்குள் அதைக் கதைப்பதில்லை. வளர்ந்த தம்பியின் தோல்வியை அக்கா வாயால் எடுப்பது எங்கள் ஆட்களிடம் மரியாதை இல்லை. தேவையானால் கூடுதலாக ஒரு கரண்டி கறி போடலாம், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஜூலை மாதக் குளிர்காலத்தில் மாமா தன் தடித்த புத்தகங்களைப் பெட்டியில் கட்டி கராஜில் வைத்தார். சனி ஞாயிறும் வேலைக்குப் போகத் தொடங்கினார். அம்மா கராஜுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடந்தார். இடம் அடைக்கிறது என்ற கோபமாக்கும் என்று நினைத்தேன்.

அதே மாதம் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி வந்தது. தலைப்பு 'நான் போற்றும் பெருமகன்'. எல்லாப் பிள்ளைகளும் புலவர்களையும் அடியார்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற சாதி நான். தப்பிக்க வழி தேடி, பேசினால் அந்தக் குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான் பேசுவேன், இல்லாவிட்டால் இல்லை என்று அடம்பிடித்தேன். அடி விழும் என்றே எதிர்பார்த்தேன்.

அம்மா கறியைக் கிளறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஆர்? அந்த மூண்டு தரம் தோத்தவரோ?"

"யெஸ்."

"சரி. அவரைப் பற்றியே பேசு. ஆனா அம்மா சொல்லித்தாறதுதான் பேச்சு. மாமாவுக்கு மூச்சு விடப்படாது."

ஒவ்வொரு பின்னேரமும் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே வசனம் வசனமாகச் சொல்ல, நான் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கினேன். அம்மாவுக்கு இவ்வளவு நல்ல தமிழ் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புத்தகங்கள் என்று வந்த ஓரிடத்தில் மட்டும் சந்தேகம் வந்தது. பந்து விளையாடுகிறவருக்கு ஏது புத்தகம் என்று கேட்டேன். "ஏன், ஆட்டத்தைப் படிக்கப் புத்தகம் வேண்டாமோ? சொல்லித்தந்ததைப் பேசு," என்றார் அம்மா.

தேவாலய மண்டபத்தில் போட்டி நடந்தது. "பேரன்புமிக்க அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கி, நான் போற்றும் பெருமகன் அமெரிக்காவில் பந்து எறிகிறவர் என்றதும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. அம்மாவைப் பார்த்தேன். என் வசனத்துக்கு அவருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன்.

"தோல்வி அவர் வாசலுக்கு மூன்று முறை வந்தது, அவையோரே! அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாரா? புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டினாரா? ஆடியது போதும் என்று அவர் சொல்லலாம். அவர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதைச் சொல்ல விடுவார்களா?"

வேலைச் சட்டையோடு நேரே வந்திருந்த மாமா, பின்பக்கம் தேத்தண்ணி மேசையடியில் நின்றார். கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். இவ்வளவு அருமையாகப் பேசுகிற என்னைப் பார்க்காமல் அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவோ மடியிலிருந்த ரோல்ஸ் பலகாரத் தட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

முடித்தபோது கைதட்டல் நெடுநேரம் கேட்டது. தமிழ்நாட்டுக்காரரான நடுவர் கண்ணாடியைக் கழற்றி, "ரொம்ப நல்லாப் பேசுனேம்மா. ஆனா இந்தப் பெருமகன் தமிழுக்கு என்ன செஞ்சார்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?" என்றார். எனக்கு மூன்றாம் பரிசு. சுண்டு விரல் உயரத்தில் ஒரு கிண்ணம். உலகத்தை வென்ற மாதிரி இருந்தது.

மாமா நான்காம் தரம் எழுதித் தேறினார். இன்று நியூ லின்னில் பாதிச் சனம் அவரைத்தான் டொக்டர் என்று தேடிப் போகிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் மாமாவை நினைத்து வருகிற பெருமையைவிட, வெங்காயம் அரிந்துகொண்டே அந்தப் பேச்சைக் கட்டிய அம்மாவை நினைத்து வருகிற பெருமை ஒரு பிடி கூட.

இதெல்லாம் இப்போது விளங்கிச் சொல்கிறேன். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மழை. மாமா கார் ஓட்டினார், பக்கத்தில் அம்மா. பின்சீற்றில் நானும் என் கிண்ணமும். சிவப்பு விளக்கில் நின்றபோது மாமா மெதுவாகக் கேட்டார்.

"அந்த மனுசன் நாலாந்தரமும் தோத்திருந்தா, அக்கா?"

"ஐஞ்சாந்தரம் ஆடியிருப்பான்." அம்மா யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"சனம் சிரிச்சிருக்கும்."

"சிரிக்கட்டும். அவனுக்குச் சோறு போட வீட்டில ஆள் இருந்தது."

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நேரம் மேடையில் தொண்டை கிழியக் கத்தியும் இருவருக்கும் ஒன்றுமே விளங்கவில்லையே! இரண்டு சீற்றுக்கும் நடுவே தலையை நீட்டி, முதல் தடவையாக ஒருவரும் சொல்லாமலே தமிழில், "மாமா, அவர் வெண்டிட்டார். நாங்கள் ரீவியில பாத்தனாங்கள்தானே. பிறகேன் கவலைப்படுறீங்கள்?" என்று அவர்களைத் திருத்தினேன்.

"ஓம் பிள்ளை, வெண்டிட்டார்," என்றார் மாமா. பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். ஒருமுறை சொன்னால் விளங்காத பெரியவர்களோடு இனி என்ன கதை என்று நான் கிண்ணத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.